படம் பார்ப்பவனுக்கும் அபிப்பிராயம் உண்டு

சினிமாவைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாதவர் இந்நாட்டில் இல்லை. படமெடுத்த முதலாளி சொல்கிறார். நடித்தவர் சொல்கிறார். பத்திரிகைக்காரர் சொல்கிறார். மந்திரி கூடச் சொல்கிறார். ஆனால் தரை டிக்கெட்டும் பெஞ்சு டிக்கெட்டும் வாங்கிக் கொட்டகையை நிரப்பி வந்த ஆலைத் தொழிலாளியின் அபிப்பிராயத்தை யார் கேட்டார்கள்? அறுப்புக் கூலியில் மிச்சம் பிடித்து, இருட்டில் வரப்பு மேல் நடந்து டூரிங் கொட்டகைக்குப் போன விவசாயக் கூலிப் பெண்ணின் அபிப்பிராயத்தை யார் கேட்டார்கள்? கைதட்டுவார்கள், விசிலடிப்பார்கள், அழுவார்கள், அதற்கு மேல் இவர்களுக்கு என்ன தெரியும் என்பது மேல்தட்டாரின் எண்ணம்.

வேறொரு கட்சியும் உண்டு. "சினிமா என்பதே ஜனங்களை மயக்கும் கள். உழைப்பாளி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது" என்று நல்ல எண்ணத்தோடேயே சொல்லும் நண்பர்கள் அவர்கள்.

இந்த இரண்டு கட்சியையும் நாம் ஒப்புக்கொள்ளவில்லை. எட்டு மணி நேரம் தறியின் முன்னால் நின்றவனுக்கும், நாள் முழுவதும் சேற்றில் குனிந்து நாற்று நட்டவளுக்கும் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து பாட்டும் கதையும் கேட்க உரிமை உண்டு. காசு கொடுத்துப் பார்த்ததைப் பற்றி அபிப்பிராயம் சொல்லவும் உரிமை உண்டு. அந்த அபிப்பிராயம் கூர்மையாக இருக்க வேண்டும் என்பதே நம் கவலை. ஏனென்றால் சினிமா நம் ஊரில் வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. அது சர்க்காரை அமைத்திருக்கிறது. வீட்டில் பெண் எப்படி நடக்க வேண்டும் என்று சட்டமும் போட்டிருக்கிறது.

இரண்டு வகைப் படங்கள்

நம் ஜனங்கள் படங்களை இரண்டாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். ஒன்று அரசியல் படம். மற்றது குடும்பப் படம். அரசியல் படத்தில் அநியாயம் இருக்கும், அதை எதிர்த்து ஒருவன் வாளெடுப்பான், அல்லது வசனம் பேசுவான். குடும்பப் படத்தில் அண்ணன், தங்கை, மாமியார், மருமகள், கல்யாணம், கண்ணீர். முன்னதை வீரம் என்கிறோம், பின்னதைப் பாசம் என்கிறோம்.

ஆனால் வாழ்க்கை இப்படி இரண்டாகப் பிரிந்து கிடக்கிறதா? சவானா ஆலையில் 1936 ஜூலை 30-ந் தேதி வேலை நிறுத்தம் செய்த தொழிலாளிகள் மீது பிரெஞ்சு சர்க்கார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. பன்னிரண்டு பேர் மாண்டார்கள். அது அரசியல். அந்தப் பன்னிரண்டு வீடுகளிலும் அன்று இரவு நடந்தது என்ன? அது குடும்பக் கதை. ரோடியர் ஆலை என்று நம் பெரியவர்கள் அழைத்த ஏ.எப்.டி. ஆலை 2020-ல் மூடப்பட்டது. அது அரசியல். சம்பளம் நின்ற வீட்டில் மகளின் கல்யாணம் தள்ளிப் போனதும், புருஷனும் பெண்சாதியும் வாய்ச் சண்டை போட்டதும் குடும்பக் கதை. ஒரே சம்பவம்தான். வாசலுக்கு வெளியே நின்று பார்த்தால் அரசியல், உள்ளே வந்து பார்த்தால் குடும்பம்.

ஆகவே நம் அளவுகோலை இங்கேயே சொல்லிவிடலாம். அடுப்பைக் காட்டாத அரசியல் படம் பாதி உண்மைதான் சொல்கிறது. கூலியைக் காட்டாத குடும்பப் படமும் பாதி உண்மைதான் சொல்கிறது. பாதி உண்மையால் லாபம் அடைகிறவன் யார் என்று பார்ப்பது உழைப்பாளியின் வேலை.

சிம்மாசனத்திலிருந்து வந்த சட்டம்

முதலில் அரசியல் படங்களைப் பார்ப்போம். 1958-ல் வெளிவந்த "நாடோடி மன்னன்" படத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எம்.ஜி.ஆர். தாமே தயாரித்து, தாமே டைரக்ட் செய்து, மன்னனாகவும் நாடோடியாகவும் இரட்டை வேஷத்தில் நடித்த படம். ஜனங்களின் பக்கம் நின்று போராடும் நாடோடி, உருவ ஒற்றுமையால் மன்னனின் இடத்தில் உட்காருகிறான். ஏழைகளுக்கு நன்மை தரும் சட்டங்களை அறிவிக்கிறான். கொட்டகை அதிர்ந்தது. அதிர்ந்ததில் தவறில்லை. நிலத்தைப் பற்றியும் உழைப்பைப் பற்றியும் பேசினால் உழைப்பவன் கைதட்டாமல் வேறு யார் கைதட்டுவார்கள்?

அந்தப் படத்தில் பாட்டெழுதியவர்களில் ஒருவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். தஞ்சை மண்ணின் விவசாயிகள் இயக்கத்தில் வளர்ந்தவர். புதுவைக்கு வந்து பாரதிதாசனிடம் தங்கித் தமிழ் பயின்றவர். 1959-ல், இருபத்தொன்பதாவது வயதிலேயே மறைந்துவிட்டார். களத்தில் நெல் அளக்கும்போது கூலிக்காரன் மனத்தில் எழும் கேள்வியைச் சினிமாப் பாட்டில் ஏற்றியவர் அவர். அந்தக் கேள்விக்கு ஜனங்கள் கைதட்டினார்கள்.

கேள்வி நம்முடையதாக இருந்தது. ஆனால் பதில் எங்கிருந்து வந்தது? சிம்மாசனத்திலிருந்து வந்தது. நல்லவன் ஒருவன் மேலே உட்கார்ந்தான், சட்டம் பிறந்தது. கீழே நின்ற ஜனங்கள் வாழ்த்தினார்கள். அவர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்றும் கதையில் மிச்சமில்லை.

அதன் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் இந்தக் கதை மாறவில்லை. 1999-ல் ஷங்கர் டைரக்ட் செய்த "முதல்வன்" வந்தது. டெலிவிஷன் நிருபர் ஒருவர் ஒரு நாள் முதல் மந்திரி ஆகிறார். அந்த ஒரே நாளில் லஞ்சக்காரர்களை வீட்டுக்கு அனுப்புகிறார். வாள் போய் டெலிபோன் வந்தது, சிம்மாசனம் போய் நாற்காலி வந்தது. கதை பழைய கதைதான்.

புதுவையின் சரித்திரம் இதற்கு என்ன சொல்கிறது? எட்டு மணி நேர வேலைச் சட்டம் இங்கே 1937-ல் வந்தது. எந்த மன்னனும் வேஷம் மாறி வந்து அதைப் போடவில்லை. ஆலைக்குள் உட்கார்ந்து வேலை நிறுத்தம் செய்தவர்களும், குண்டடிபட்டுச் செத்தவர்களும், அவர்களுக்குக் கஞ்சி கொண்டு போய்க் கொடுத்த பெண்களும் சேர்ந்து வாங்கிய சட்டம் அது. ஒரு நாளில் வாங்கியதும் அல்ல.

இன்னொரு சரித்திரமும் உண்டு. சினிமாவில் கிடைத்த செல்வாக்கு எப்படி ஆட்சியாக மாறியது என்பதற்குப் பலரும் 1977-ஐயும் சென்னையையும் சொல்வார்கள். ஆனால் எம்.ஜி.ஆர். 1972-ல் துவக்கிய கட்சி முதன்முதலாக மந்திரிசபை அமைத்தது சென்னையில் அல்ல, புதுவையில். 1974 மார்ச்சில் அமைந்த அந்த மந்திரிசபை ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு "ஜனங்கள் ஏமாளிகள்" என்று சொல்கிறவர்களோடு நாம் சேரமாட்டோம். திரையில் ஏழைக்காகப் பேசியவரிடம் ஏழை நம்பிக்கை வைத்தான். பின்னால் 1982-ல் தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டம் விரிவாக வந்தபோது பசித்த குழந்தைகளுக்குச் சோறு கிடைத்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் சோறு போட்ட அதே காலத்தில் நிலம் யார் கையில் இருந்தது, ஆலைக் கணக்கு யார் கையில் இருந்தது என்ற கேள்வியைக் கேட்கும் பழக்கம் நமக்குக் குறைந்து போனதா இல்லையா? கதாநாயகன் பார்த்துக்கொள்வான் என்ற எண்ணம் கொட்டகையோடு நிற்கவில்லை. அது வயலுக்கும் ஆலைக்கும் நம்மோடு நடந்து வந்தது.

இன்னும் ஒரு படம். 1967-ல் "விவசாயி" வெளிவந்தது. பெயரோ விவசாயி. கதாநாயகனோ நிலச்சுவான்தாரின் மகன், மண்ணின் மேல் ஆசை வைத்துத் தானே உழுகிறவன். நல்ல பிள்ளைதான். ஆனால் நம் கண்ணுக்குத் தெரிந்த விவசாயக் கூலி அந்தப் பெயருக்குள் எங்கே? மறு ஆண்டு, 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு, கீழ்வெண்மணியில் கூலி நெல் கொஞ்சம் கூடுதலாகக் கேட்ட குற்றத்துக்காக 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்த நெருப்பின் சாயலைத் தமிழ்த் திரையில் பார்க்க நாம் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்திரா பார்த்தசாரதியின் "குருதிப்புனல்" நாவலை வைத்து ஸ்ரீதர் ராஜன் எடுத்த "கண் சிவந்தால் மண் சிவக்கும்" வந்தது 1983-ல்தான்.

கண்ணீர் யாருடைய கணக்கில்?

இனிக் குடும்பப் படங்கள். இவற்றைக் கேலி செய்வது படித்தவர்களுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. நாம் கேலி செய்யப் போவதில்லை. "பாசமலர்" (1961) பார்த்து அழுத பெண் பொய்யாக அழவில்லை. கட்டிக் கொடுத்த வீட்டில் அடிபட்டாலும் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வர முடியாத தங்கைகள் நம் தெருவில் இல்லையா? வட்டிக்கு வாங்கித் தங்கைக்குச் சீர் செய்த அண்ணன் நம் சங்கத்தில் இல்லையா? அந்தக் கண்ணீர் உண்மையானது.

ஆனால் அதே படத்தை இன்னொரு தரம் யோசித்துப் பாருங்கள். சிவாஜி கணேசன் நடித்த அண்ணன் முதலில் தொழிலாளி. பிறகு முதலாளியாகிறான். ஜெமினி கணேசன் நடித்த நண்பன் தொழிலாளிகளின் பக்கம் நிற்கிறவன். முதலாளி ஒரு பக்கம், தொழிலாளி ஒரு பக்கம், நடுவில் இருவருக்கும் வேண்டிய பெண். எவ்வளவு பெரிய கதை இது! ஆனால் கதை எங்கே போய் முடிகிறது? கடைசியில் நாம் அண்ணன் தங்கைக்காக அழுகிறோம். ஆலையில் நின்ற தொழிலாளிகள் கேட்டது என்ன, கிடைத்தது என்ன என்று வீடு திரும்பும்போது ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. கூலிப் பிரச்னை பாசப் பிரச்னையாகக் கரைந்துவிட்டது. நம் கண்ணீரை வாங்கிக்கொண்டு நம் கணக்கை மறக்கடித்த படம் என்றே இதைச் சொல்ல வேண்டும்.

கணக்கை மறக்காத கண்ணீரும் தமிழ்த் திரையில் உண்டு. 1969-ல் வந்த "துலாபாரம்" அப்படிப்பட்டது. தோப்பில் பாசியின் மலையாள நாடகத்திலிருந்து படமாகித் தமிழுக்கு வந்தது. சாரதா நடித்தார். புருஷன் ஆலைத் தொழிலாளி. போராட்டத்தில் அவன் உயிர் போகிறது. குழந்தைகளின் பசி பொறுக்க முடியாமல் தாய் அவர்களுக்கு விஷம் கொடுக்கிறாள். தான் மட்டும் பிழைத்துக் கோர்ட்டில் நிற்கிறாள். அங்கேயும் ஜனங்கள் அழுதார்கள். ஆனால் வெளியே வரும்போது, "இவளைக் கூண்டில் நிறுத்தியது யார்?" என்ற கேள்வியும் கூடவே வந்தது.

ஜெயகாந்தன் தாமே எடுத்த "உன்னைப்போல் ஒருவன்" (1965) குடிசைப் பகுதியில் வாழும் ஒரு சிறுவனையும் அவன் தாயையும் பற்றியது. அந்தத் தாய் ஒரு மனிதனோடு வாழ நினைக்கிறாள். மகன் ஏற்க மறுக்கிறான். கூலி வேலை செய்யும் பெண்ணுக்கும் மனசு உண்டு, துணை தேடும் உரிமை உண்டு என்று அவளை இழிவு செய்யாமல் சொன்ன படம். பாட்டில்லை, நட்சத்திரமில்லை. தேசிய விருது கிடைத்தது. கொட்டகைதான் அதிகம் கிடைக்கவில்லை.

1974-ல் கே. பாலசந்தரின் "அவள் ஒரு தொடர்கதை" வந்தது. சம்பாதிக்கும் ஒரு பெண்ணின் தோளில் ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. அவள் சம்பளம் எல்லாருக்கும் வேண்டும், அவள் கல்யாணம் ஒருவருக்கும் அவசரமில்லை. ஆலைக்கும் நடவுக்கும் போய்க் கூலி கொண்டு வரும் நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. அதனால்தான் அவர்கள் அதைத் தங்கள் கதை என்று கண்டுகொண்டார்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்பே வாசலுக்கு உள்ளும் வெளியும் ஒன்று என்று சொன்ன படம் ஒன்று உண்டு. 1939-ல் கே. சுப்ரமணியம் கல்கியின் கதையை எடுத்த "தியாக பூமி". புருஷனால் விரட்டப்பட்ட பெண், செல்வமும் செல்வாக்கும் பெற்ற பிறகு அவனே சேர்ந்து வாழக் கூப்பிட்டுக் கோர்ட்டுக்குப் போகும்போது மறுக்கிறாள். வேண்டுமானால் ஜீவனாம்சம் நான் தருகிறேன் என்கிறாள். அவளே தேச விடுதலைப் போராட்டத்திலும் இறங்குகிறாள். ஆங்கில சர்க்கார் அந்தப் படத்துக்குத் தடை போட்டது. வீட்டுக்குள் அடங்க மறுத்தவள் நாட்டிலும் அடங்க மறுப்பாள் என்பது அந்தக் கதையில் இருந்தது. ஆள்கிறவனுக்கு அது பிடிக்குமா?

பாதையும் கொட்டகையும்

"அப்படியானால் உழைப்பாளிகளுக்காகவே ஒரு படம் எடுத்தால் என்ன?" என்று தோழர்கள் கேட்கலாம். எடுத்தார்கள். 1960-ல் "பாதை தெரியுது பார்" வந்தது. வங்காளத்தில் அகதிகளின் துயரத்தை "சின்னமூல்" என்ற படமாக எடுத்த நிமாய் கோஷ் டைரக்ட் செய்தார். எம்.பி. சீனிவாசன் இசையமைத்தார். ஜெயகாந்தன் பாட்டெழுதினார். முற்போக்காளர் பலர் பணம் போட்டுக் கூட்டாக எடுத்த படம். விருது பெற்றது. ஆனால் வசூலில் நிற்க முடியவில்லை.

படத்தை எடுப்பது ஒரு வேலை, அதைக் கொட்டகைக்குக் கொண்டு வருவது மற்றொரு வேலை. நூல் நூற்பவன் கையில் துணிச் சந்தை இல்லை. நெல் விளைவிப்பவன் கையில் மண்டி இல்லை. அதேபோல் படம் எடுத்தவன் கையில் கொட்டகை இல்லை. வினியோகஸ்தரும் கொட்டகைக்காரரும் நட்சத்திரத்தின் முகத்தைப் பார்த்தே தேதி கொடுக்கிறார்கள். "ஜனங்கள் கேட்பதைத்தான் கொடுக்கிறோம்" என்பது அவர்கள் சொல்லும் சமாதானம். ஜனங்களுக்கு மூன்று நாள் மட்டும் காட்டிவிட்டுத் தூக்கிய படத்தை ஜனங்கள் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

நிமாய் கோஷும் சீனிவாசனும் சோர்ந்து போகவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். சினிமாவில் விளக்குப் பிடிப்பவர், வாத்தியம் வாசிப்பவர், தையல்காரர் முதலானோரைச் சங்கமாகத் திரட்டும் வேலையில் அவர்கள் முன்னின்றார்கள். திரையில் தெரியாத அந்த உழைப்பாளிகளும் நம்மவர்களே.

இந்தப் பாதை அழிந்து போகவில்லை என்பதற்கு நம் காலத்திலேயே சாட்சி உண்டு. 2018-ல் லெனின் பாரதி எடுத்த "மேற்குத் தொடர்ச்சி மலை" தேனிப் பக்கத்து மலையில் ஏலக்காய் மூட்டை சுமக்கும் ஒரு கூலியின் கதை. துண்டு நிலம் வாங்க வேண்டும் என்ற ஒரே ஆசை. ஒரு மூட்டை பள்ளத்தில் உருண்டு சிதறும்போது அவனுடைய பல வருஷத்துச் சேமிப்பும் சிதறுகிறது. கடைசியில் அவனுடைய நிலத்தில் காற்றாலை நிற்கிறது, அதற்குக் காவல்காரனாக அவனே உட்கார்ந்திருக்கிறான். வசனம் பேசி யாரும் நமக்குப் பாடம் சொல்லவில்லை. அந்த வீட்டுப் புருஷன், பெண்சாதி, குழந்தை எல்லாரையும் தெரிந்துகொண்ட பிறகு, நிலம் போன செய்தி நமக்கு நம் வீட்டுச் செய்தியாக வலிக்கிறது.

2021-ல் வந்த "ஜெய் பீம்" நமக்கு அடுத்த கடலூர் மாவட்டத்தில் 1993-ல் நடந்த ஒரு லாக்கப் சாவைத் தழுவியது. பின்னாளில் நீதிபதியான சந்துரு வக்கீலாக நடத்திய வழக்கு. அங்கே கதாநாயகன் வக்கீல்தான் என்று சிலர் குறை சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் கர்ப்பிணியான அந்தக் கூலிப் பெண், வழக்கை விட்டுவிடப் பணம் தருகிறோம் என்று பெரிய அதிகாரி சொல்லும்போது மறுத்து எழுந்து வருகிறாளே, அந்த இடத்தில் கதை அவளுடையதாகிறது. புருஷனைத் தேடும் பெண்சாதியின் கதையும் போலீஸ் அநியாயத்தின் கதையும் அவளிடத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

நாம் செய்ய வேண்டியது

படம் பார்க்காதே என்று நாம் யாருக்கும் சொல்லவில்லை. பார்த்துவிட்டு வரும்போது மூன்று கேள்விகளைக் கையோடு கொண்டு வர வேண்டும் என்கிறோம்.

முதலாவது: இந்தக் கதையில் எல்லாரும் சாப்பிடுகிறார்களே, அந்தச் சோறு யாருடைய உழைப்பில் வந்தது? அதைப் படம் காட்டியதா, மறைத்ததா?

இரண்டாவது: அநியாயம் தீர்ந்ததே, அதைத் தீர்த்தது யார்? ஒருவனா, பலரா? ஒருவன்தான் என்றால், அவன் இல்லாத நம் ஊரில் என்ன செய்வது?

மூன்றாவது: குடும்பம் ஒன்றுசேர்ந்ததே, அதற்கு விலை கொடுத்தது யார்? தாயா, தங்கையா, மருமகளா? அந்த விலை நியாயமானதுதானா?

இந்தக் கேள்விகளைக் கேட்கப் படிப்பு வேண்டியதில்லை. பஞ்சப்படிக் கணக்கில் ஒரு பைசா குறைந்தால் கண்டுபிடிக்கிற தொழிலாளிக்கும், படி அளக்கும்போது தலை தட்டுவதைக் கவனிக்கிற கூலிப் பெண்ணுக்கும் இது பெரிய வித்தையல்ல.

முன்பு ரத்னா, ராமன், அஜந்தா கொட்டகைகளில் படம் விட்டதும் முதலியார்பேட்டை வரையில் பேசிக்கொண்டே நடந்தோம். மறுநாள் ஆலை வாசலிலும் அந்தப் பேச்சு நடந்தது. இன்று படம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. அவரவர் தனியே பார்க்கிறோம், பேச்சு நின்றுவிட்டது. அந்தப் பேச்சைத் திரும்பக் கொண்டு வர வேண்டும். தமிழ் நாடகத்தின் தந்தை சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் காலமானது இந்தப் புதுவையில்தான். அவர் பெயரால் புதுவை சர்க்கார் நல்ல தமிழ்ப் படத்துக்கு விருதும் வழங்கி வருகிறது. விருது பெறும் படம் நகரத்து மண்டபத்தோடு நின்றுவிடாமல் பாகூருக்கும் வில்லியனூருக்கும் கரையாம்புத்தூருக்கும் வர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

சர்க்கார் செய்யட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். சங்கக் கட்டிடத்தில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினால் அது திரை. மாதம் ஒரு படம். முடிந்ததும் அரை மணி நேரம் பேச்சு. முதலில் பெண்கள் பேசட்டும். குடும்பப் படம் என்று ஊர் சொல்வதில் உள்ள அரசியலை அவர்கள்தான் நன்றாக அறிவார்கள்.